நாற்பது நிமிடம், நடுவில் ஓர் இடைவேளை

(எம்.எஸ். நோயுடன் வாழ்கிறவர்களுக்கான இணைய உரைகள் பற்றி, நமது காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் விஷயத்துக்கும் பார்க்கிங் விஷயத்துக்கும் நடுவில் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கிக் கொடுத்த செயலாளருக்கு நன்றி. பார்க்கிங் பற்றிப் பேசத் தயாராக வந்திருப்பவர்களின் முகம் இங்கிருந்தே தெரிகிறது. நீட்ட மாட்டேன்.

நான் கேட்க வந்தது ஒரு சின்ன உதவி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என்ற நரம்பு நோயுடன் வாழ்கிறவர்களுக்காகவும் அவர்கள் குடும்பத்தினருக்காகவும் இந்த ஆண்டு மூன்று இணைய உரைகள் நடத்த விரும்புகிறோம். நம் அசோசியேஷன் ஏற்கெனவே பணம் கட்டி வைத்திருக்கும் ஜூம் கணக்கை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு மணி நேரம் என்ற கணக்கில் இல்லாமல், மொத்தம் மூன்றே மணி நேரம் தந்தால் போதும். பணம் வேண்டாம். பேச வருகிறவர்களும் பணம் வாங்கப் போவதில்லை.

இதைக் கமிட்டியில் சொன்னதும் முதலில் வந்த கேள்வி, “நம்ம அபார்ட்மென்ட்ல யாருக்கு இந்த வியாதி இருக்கு?” என்பதுதான். அக்கறையோடு கேட்ட கேள்விதான். ஆனால் அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. என் தங்கைக்கு இருக்கிறது. அவள் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். வேறு யாருக்காவது இருந்தால், அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. இந்த உரைகளை கம்யூனிட்டி ஹாலில் வைக்காமல் இணையத்தில் வைப்பதற்கு முதல் காரணமே இந்தக் கேள்விதான். ஹாலுக்குள் யார் நுழைகிறார்கள் என்பதை நாலு பிளாக் பால்கனியிலிருந்தும் பார்க்கலாம். இணையத்தில் யார் நுழைந்தார்கள் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நோயைப் பற்றிக் கொஞ்சம். மின்சார வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நம் நரம்பு இழைகளுக்கு மேலே மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். தாக்குதல் நடக்கும் இடங்கள் மூளை, தண்டுவடம், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு. உறை போன இடத்தில் தழும்பு விழுந்து கெட்டிப்படுகிறது. ஸ்கிளிரோசிஸ் என்றால் கெட்டிப்படுதல். 1868-ல் பாரிஸில் ழான் மார்த்தான் ஷார்கோ என்ற மருத்துவர்தான் இதைத் தனி நோயாகத் தெளிவாக விவரித்தார். தமிழ்நாட்டு அரசின் விண்ணப்பங்களில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று இருக்கும். என் தங்கைக்கு அந்தப் பெயர் பிடிக்காது; மரத்துப்போவது ஒன்றுதான் இந்த நோய் என்று நினைத்துவிடுவார்கள் என்பாள்.

தழும்பு எந்த இடத்தில் விழுகிறதோ அதைப் பொறுத்து அறிகுறி. ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கும். இன்னொருவருக்குக் கால் இழுக்கும். வேறொருவருக்கு நடக்கும்போது தள்ளாடும்; தெருவில் பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் அறிகுறி வரும், சில வாரங்களில் குறையும், மாதங்களோ வருடங்களோ கழித்து வேறு இடத்தில் மறுபடி வரும். தொற்றுநோய் இல்லை. பொதுவாக இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். 2020-ல் வெளியான உலகக் கணக்கெடுப்பு, உலகம் முழுவதும் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது.

வயதைக் கவனியுங்கள். படிப்பு முடித்து வேலைக்குப் போகிற வயது, கல்யாணப் பேச்சு நடக்கிற வயது, கைக்குழந்தை இருக்கிற வயது. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் மாடிக்குப் போக லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணைப் பார்த்து, “இந்த வயசுல ஒரு மாடி ஏற முடியலையா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் எந்த அபார்ட்மென்ட்டிலும் உண்டு. அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே நின்றுவிடுவாள்.

ஏன் வருகிறது என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் ஆவணங்களை வைத்து நடந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. எப்ஸ்டீன் பார் என்ற மிகச் சாதாரணமான வைரஸ் தொற்றிய பிறகே இந்த நோய் வருகிறது என்பதற்கு அது வலுவான சான்று கொடுத்தது. ஆனால் அந்த வைரஸ் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்துபோகிறது. மிகச் சிலருக்குத்தான் எம்.எஸ். வருகிறது. ஆகவே பூர்வஜென்மப் பாவம், சனி தோஷம் என்று யாரும் அந்த வீட்டாரிடம் சொல்ல வேண்டாம். நம் ஊர் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு ‘வட திருநள்ளாறு’ என்று பெயர். சனிக்கிழமை நானும் போய் விளக்குப் போடுகிறவள்தான். விளக்குப் போடலாம். ஊசியை நிறுத்தக் கூடாது.

ஊசி என்று சொன்னேன். நோயை அடியோடு போக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வரும் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் 1993-லிருந்து இருக்கின்றன. இப்போது ஊசியாகவும் மாத்திரையாகவும் பல வகை. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்கான மூன்று மருந்துகளை முதல்முறையாகச் சேர்த்தது. சீக்கிரம் கண்டுபிடித்துச் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். இந்த இடத்தில்தான் சரியான தகவல் சரியான நேரத்தில் கிடைப்பது முக்கியமாகிறது. நரம்பியல் மருத்துவரிடம் நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதற்குள் எதைக் கேட்பது, எதை விடுவது?

இந்தியாவில் இதற்கென்று ஒரு சங்கம் 1985-லிருந்து இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா; மும்பையில் தொடங்கியது, சென்னையிலும் கிளை உண்டு. நோயாளிகளையும் குடும்பங்களையும் ஒன்றுசேர்ப்பது, மருத்துவர்களைப் பேச வைப்பது எல்லாம் அவர்கள் பல காலமாகச் செய்துவருவது. ஆனால் கூட்டம் நகரத்துக்குள் நடந்தால், பொழிச்சலூரிலிருந்து போகிறவரின் நிலையை யோசியுங்கள். ஆட்டோ பிடித்துப் பல்லாவரம் ஸ்டேஷன். அங்கே படி ஏறி இறங்கி ரயில். இறங்கி மறுபடி ஆட்டோ. போய்ச் சேர்வதற்குள் அன்றைய சக்தி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு காதில் என்ன ஏறும்? 2020 ஊரடங்கில் எல்லோரும் ஜூமுக்குப் பழகியது இவர்களுக்குப் பெரிய நன்மையாக முடிந்தது. படுக்கையில் சாய்ந்தபடி கேட்கலாம்.

ஆனால் ஹாலில் நடப்பதை அப்படியே திரையில் காட்டினால் அது இணைய உரை ஆகிவிடாது. போன வருடம் நானும் தங்கையும் ஒரு இணைய உரையில் கலந்துகொண்டோம். மாலை நான்கு மணிக்கு ஆரம்பம். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம் எல்லாம் முடிந்து மருத்துவர் வாயைத் திறந்தபோது ஐந்தே முக்கால். தங்கை தூங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எம்.எஸ்.ஸில் வரும் சோர்வு நாம் சொல்லும் களைப்பு இல்லை. செல்போனில் சார்ஜ் இரண்டு சதவீதத்துக்கு வந்ததுபோல சட்டென்று எல்லாம் நின்றுவிடும். பெரும்பாலான நோயாளிகளுக்கு இருக்கும் அறிகுறி இது. பலருக்கு மதியத்துக்கு மேல் கூடும்.

எனவே நாங்கள் திட்டம் போடத் தொடங்கிய இடம், கேட்கிறவரின் உடம்பு. பேச்சாளருக்கு எப்போது வசதி என்பது அப்புறம்.

நேரம் காலை பத்து மணி. மாலையில் வைக்கலாமே, மருத்துவர்களுக்கு வசதி என்று ஒருவர் சொன்னார். வேண்டாம். சோர்வு ஒரு காரணம், வெயில் இன்னொரு காரணம். வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடம்பை வருத்தி வேலை செய்ததும் பார்வை மங்கி, ஓய்வெடுத்ததும் திரும்புவதை 1890-ல் பதிவு செய்தார். உடம்புச் சூடு கூடுவதுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. உறை போன நரம்பில் சூடு ஏறினால் சமிக்ஞை சரியாகப் போகாது. அரை டிகிரி கூடினாலே போதும். ஒரு காலத்தில் சந்தேகப்பட்ட நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துத்தான் இந்த நோயைப் பரிசோதித்தார்கள். சென்னையில் அதற்குத் தொட்டி தேவையே இல்லை, மே மாதம் போதும். சூட்டினால் வரும் இந்த மோசம் தற்காலிகமானது, உடம்பு குளிர்ந்ததும் போய்விடும், நோய் முற்றிவிட்டதாக அர்த்தமில்லை. இந்த ஒரு தகவல் தெரியாமல் ஏப்ரல், மே மாதங்களில் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடிய குடும்பங்களை எனக்குத் தெரியும். எம்.எஸ்.ஸுக்கான உலக நாள் மே 30. கத்திரி முடிந்த கையோடு வருகிறது. அன்றைக்கு வெயிலைப் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்? முதல் உரையை ஏப்ரலிலேயே வைக்கிறோம், கத்திரிக்கு முன்னால்.

ஞாயிறு என்பதற்கும் காரணம் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் ஆபீஸில் சொல்லாமல் இருக்கலாம். வார நாளில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார முடியாது. அதோடு, ஈபி பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தினால் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை போகும். பெரும்பாலும் அது வேலை நாள்களில்தான். ஃபேன் இல்லாத வீட்டில் எம்.எஸ். உள்ளவர் உட்கார்ந்து உரை கேட்க முடியாது.

நீளம் நாற்பது நிமிடம். இருபது நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் இடைவேளை, பதினைந்து நிமிடம் கேள்வி. இலவச ஜூம் கணக்கிலும் நாற்பது நிமிடம் கிடைக்குமே என்று உங்களில் கணக்குத் தெரிந்தவர்கள் கேட்கலாம். கிடைக்கும். நாற்பதாவது நிமிடம் யார் பேசிக்கொண்டிருந்தாலும் அறுத்துவிடும். ஆறு மாதம் யோசித்து ஒரு பெண் தைரியமாக ஒரு கேள்வியைத் தொடங்கியிருப்பாள். பாதியில் திரை இருண்டால் அவள் மறுபடி வர மாட்டாள். அதற்காகத்தான் அசோசியேஷன் கணக்கைக் கேட்கிறேன்.

அந்த ஐந்து நிமிட இடைவேளையைப் பற்றி நாசூக்காகச் சொல்ல முடியாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்.ஸில் சிறுநீரை அடக்க முடியாத அவசரம் பலருக்கு வரும். வெளியே போக வேண்டும் என்றால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள்; நம் ஊர் வெயிலில் அது இன்னொரு ஆபத்து. கூட்டத்தின் நடுவில் எழுந்து போக வெட்கம். “சரியாக பத்து இருபதுக்கு இடைவேளை” என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டால், பாதிக் கவலை தீர்ந்தது. பேச்சாளர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், பத்து இருபதுக்கு நிறுத்த வேண்டும். நிறுத்துகிற பொறுப்பு என்னுடையது. வங்கியில் முப்பது வருடம் கவுன்டரில் இருந்தவள், எனக்கு அது வரும்.

அடுத்தது கண். பார்வை நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு நிறங்கள் வெளிறித் தெரியும், முக்கியமாகச் சிவப்பு. முக்கியமானதைச் சிவப்பில் போடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அந்த வரிதான் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. சிலருக்கு ஒன்று இரண்டாகத் தெரியும். ஆகவே வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரு திரைக்கு நாலு வரி. ஓடுகிற, சுழல்கிற எழுத்து எதுவும் வேண்டாம். திரையில் இருப்பதைப் பேச்சாளர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் புரிய வேண்டும். தமிழில் ஒரே ஒரு பக்கக் குறிப்பு இரண்டு நாள் முன்னாலேயே போய்விடும்.

கை நடுங்குகிறவர்களால் மீட்டிங் எண், பாஸ்வேர்டு எல்லாம் தட்டச்சு செய்ய முடியாது. தொட்டால் திறக்கும் ஒரே இணைப்பு. கேள்வியை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பலாம். பெயர் சொல்லாமல் நான் படிப்பேன். நினைவும் கவனமும் இந்த நோயில் சுமார் பாதிப் பேருக்குக் கொஞ்சமாவது பாதிக்கப்படும். புத்தி மழுங்கிவிடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள்; ஒரே சமயத்தில் நாலு விஷயம் வந்தால் பிடித்துவைப்பது சிரமம், அவ்வளவுதான். அதனால் ஓர் உரைக்கு ஒரே விஷயம். பேச்சை மட்டும் பதிவு செய்து பிறகு அனுப்புவோம். கேள்வி நேரம் பதிவாகாது. அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவோம், பதிவை நிறுத்தியதையும் சொல்வோம்.

பெயர் விஷயம். உள்ளே வருகிறவர்கள் ‘விருந்தினர்’ என்று பெயர் போட்டுக்கொள்ளலாம், கேமராவை அணைத்துவைக்கலாம். இதற்கென்று வாட்ஸ்அப் குரூப் தொடங்க மாட்டோம். குரூப்பில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். தனித்தனியாகப் போய்ச் சேரும் ஒளிபரப்புப் பட்டியல் வழியாகத்தான் தகவல் வரும். இவ்வளவு ரகசியம் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கல்யாணம் நிச்சயமாகும் நிலையில் இருக்கிற பெண்ணின் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லாமல் மறைப்பது சரி என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் அவள், வாட்ஸ்அப் இல்லை.

அந்தப் பேச்சிலேயே இரண்டாவது உரைக்கான விஷயமும் இருக்கிறது. எம்.எஸ். உள்ள பெண் குழந்தை பெறக்கூடாது என்று பழைய தலைமுறையில் சொல்லிவந்தார்கள், டாக்டர்கள் உட்பட. 1998-ல் 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களைக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் கவனித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. கர்ப்ப காலத்தில், அதுவும் கடைசி மூன்று மாதங்களில், தாக்குதல்கள் நன்றாகக் குறைந்தன. பிரசவமான முதல் மூன்று மாதங்களில் கூடின. பிறகு பழைய அளவுக்கு வந்தன. அதாவது, குழந்தை பெறலாம், ஆனால் மருந்தை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று முன்கூட்டியே மருத்துவரோடு திட்டமிட வேண்டும். பிரசவத்துக்குப் பின் வீட்டில் கூடுதல் ஆள் வேண்டும். ஜூலையில் இதைப் பற்றி ஒரு நரம்பியல் மருத்துவர் பேசுவார். மாமியார்களும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜூலைக் கூட்டத்திலேயே கடைசி ஐந்து நிமிடத்தில் அரசு உதவிகள். 1995-ன் பழைய சட்டத்தில் ஊனம் என்று ஏழு வகைதான் இருந்தன, எம்.எஸ். அதில் இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள், எம்.எஸ். பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று மருத்துவர் சான்றளித்தால் சலுகைகள் கிடைக்கும். அடையாள அட்டைக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டு அரசின் பராமரிப்பு உதவித்தொகையிலும் இந்த நோய் சேர்க்கப்பட்டிருக்கிறது. ‘நடக்கிறாயே, உனக்கு எதுக்கு அட்டை’ என்று கேட்கும் கவுன்டர்களும் இருக்கின்றன. அங்கே சட்டத்தின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு போவது வேறு, தெரியாமல் போவது வேறு.

மூன்றாவது அக்டோபர் முதல் வாரம், மழைக்கு முன். இந்த நோய்க்கான சில ஊசிகளை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். விலை அதிகம், ஒரு மாதத்துக்கானது மொத்தமாக வாங்கி வைத்திருப்பார்கள். 2015 டிசம்பரில் அடையாறு நம் பக்கம் என்ன செய்தது என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் தெரியும். 2023 மிக்ஜாம் புயலிலும் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அப்போது அந்த ஊசிகள் என்ன ஆகும், ஐஸ் பெட்டியில் எப்படி வைப்பது, பனிக்கட்டியோடு ஒட்டி உறைந்துபோனாலும் கெட்டுவிடும் என்பதெல்லாம் அந்த உரை. அதை ஒரு மருந்தாளுநர் பேசினால் போதும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் நம் வளாகத்தில் எத்தனை பேர்! அவர்களும் வரலாம்.

யாரைப் பேச விடுவது என்பதைவிட யாரைப் பேச விடக்கூடாது என்பதில் நாங்கள் கறாராக இருக்கப் போகிறோம். 2009-ல் இத்தாலிய மருத்துவர் பவுலோ சாம்போனி, கழுத்து நரம்புகளில், அதாவது ரத்தக் குழாய்களில், அடைப்பு இருப்பதுதான் எம்.எஸ்.ஸுக்குக் காரணம், பலூன் வைத்து விரித்தால் சரியாகும் என்றார். செய்தி இணையத்தில் தீயாகப் பரவியது. நோயாளிகள் வீட்டை விற்று, கடன் வாங்கி, நாடு விட்டு நாடு போய் அதைச் செய்துகொண்டார்கள். 2012-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதன் ஆபத்துகளைப் பற்றி எச்சரித்தது. 2017-ல் சாம்போனியே நடத்திய முறையான சோதனையில் அந்தச் சிகிச்சையால் பயனில்லை என்று வந்தது. படித்த, வசதியான நாட்டுக்காரர்களே இப்படி ஏமாந்தார்கள் என்றால், நம் வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘நரம்புத் தளர்ச்சிக்கு ஒரே மாதத்தில் தீர்வு’ எந்த மூலைக்கு? நரம்பு மண்டல நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ன் சட்டம் ஒன்று தடை செய்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. எங்கள் கூட்டத்தில் யாராவது லேகியம், ஸ்டெம் செல் என்று விற்க ஆரம்பித்தால் மைக் அணைக்கப்படும். மருந்து கம்பெனி ஸ்பான்சரும் வேண்டாம், கம்பெனிப் பெயர் போட்ட பேனா கூட வேண்டாம். மருத்துவர்களிடமும் ஒரு நிபந்தனை: பொதுக் கூட்டத்தில் தனி ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து மருந்தை மாற்றச் சொல்லக் கூடாது. அது அவருடைய மருத்துவர் அறையில் நடக்க வேண்டியது.

ஒன்று விட்டுப்போனது. மனச்சோர்வு இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்து வரும். கேள்வி நேரத்தில் யாராவது உடைந்து அழுதால் என்ன செய்வது? எல்லோர் முன்னாலும் ஆறுதல் சொல்லத் தொடங்கக் கூடாது. என்னுடன் இன்னொருவர் இருப்பார். கூட்டம் முடிந்ததும் அவர் அந்த ஒருவரைத் தனியே அழைத்துப் பேசுவார். அரசின் டெலி மானஸ் எண் 14416 ஒவ்வோர் அழைப்பிதழிலும் இருக்கும்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை. இணைய உரைக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்களா? அந்த மூன்று ஞாயிறுகளில் பத்து மணியிலிருந்து பதினொன்று வரை டிரில்லிங் வேலை வேண்டாம். நம் ஊரில் பேச்சாளரைவிட விமானம்தான் அதிகம் பேசும். அதை நான் ஒன்றும் செய்ய முடியாது. டிரில்லிங் மெஷினையாவது நிறுத்தலாம். லிஃப்ட் சர்வீஸ் என்றால் இரண்டு நாள் முன்பு நோட்டீஸ் போடுங்கள். இது உரைக்காக மட்டும் இல்லை. லிஃப்ட் நிற்கப் போகிறது என்று தெரிந்தால், பிசியோதெரபிக்கு வெளியே போகிறவர் அன்று போகாமல் இருக்கலாம். தெரியாமல் போய்த் திரும்பி வந்து கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. ஜெனரேட்டரில் ஒரு லிஃப்ட்டாவது ஓட வேண்டும் என்ற தீர்மானம் இரண்டு வருடமாக மினிட்ஸில் இருக்கிறது. பார்க்கிங் விவாதம் முடிந்த பிறகு, நேரம் மிஞ்சினால், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

“ஒருத்தருக்காக இவ்வளவா?” என்று கமிட்டியில் ஒருவர் மென்மையாகக் கேட்டார். ஒருவர் இல்லை. இந்த இணைப்பு தாம்பரத்தில் இருப்பவருக்கும் போகும், அனகாபுத்தூருக்கும் போகும், உங்கள் சொந்தக்காரர் தென்காசியில் இருந்தால் அவருக்கும் போகும். நரம்பியல் மருத்துவர் கிடைக்காத ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த நாற்பது நிமிடம் எவ்வளவு பெரியது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்கு உடனே தோன்றாது. பஸ் ஏறிப் பத்து மணி நேரம் வந்து கேட்க வேண்டிய கேள்வியை வீட்டிலிருந்தே கேட்டுவிடலாம்.

முதல் உரை ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு. வெயில் நாள்களில் உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது பற்றி ஒரு பிசியோதெரபிஸ்ட் பேசுகிறார்: ஈரத் துண்டு, நடைப்பயிற்சிக்கு எந்த நேரம், எப்போது பயப்பட வேண்டாம், எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும். இணைப்பு நோட்டீஸ் போர்டிலும் லிஃப்ட்டுக்குள்ளும் ஒட்டப்படும். பெயர் கொடுத்துப் பதிவு செய்யத் தேவையில்லை. யாருக்காவது போனில் இணையத் தெரியாவிட்டால் முந்தின நாள் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை நான் அசோசியேஷன் அறையில் இருப்பேன். எதற்காகக் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன், ஜூமில் பேரனோடு பேசவும் அதே பொத்தான்தான்.

கணக்கைத் தருவதற்குச் சம்மதம் என்றால் கை தூக்குங்கள். செயலாளர் எண்ணிக்கொள்ளட்டும். பிறகு பார்க்கிங்.